சூடானை மறுபடியும் திரைக்குக் கொண்டுவாருங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்குத் தருமபுரியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்துக் கண்மூடிய ஊர் இது. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரண்டு மாடும் கொஞ்சம் புன்செய் நிலமும் உண்டு; சாயங்காலமானால் நூலகம். அங்கே கூடும் வாசகர் வட்டத்தில் சூடானைப் பற்றிப் பல வாரம் பேசினோம். பேசியதை உங்களுக்கு எழுதிவிடுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தனிப்பட்ட எந்தத் தொலைக்காட்சியையும் நாளிதழையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. தமிழில் செய்தி தருகிற அனைவருக்கும்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. சூடான் போரைப் பற்றித் தமிழில் தொடர்ந்து சொல்லுங்கள். பெருங்கொலை நடந்த அன்றைக்கு மட்டும் காட்டிவிட்டு மூன்றாம் நாள் கைவிட்டுவிடாதீர்கள்.

2023 ஏப்ரல் 15 அன்று சூடானின் தலைநகர் கார்டூமில் சண்டை மூண்டது. ஒரு பக்கம் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான் தலைமையிலான ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் தகலோவின் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவப் படை. 2021 அக்டோபரில் கைகோத்து ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் இந்த இருவரும். இரண்டு படைகளையும் ஒன்றாக்குவது எத்தனை ஆண்டில், யாருடைய கட்டுப்பாட்டில் என்ற தகராறில் மோதிக்கொண்டார்கள். அந்த முதல் மூன்று வாரமும் நீங்கள் நன்றாகவே செய்தி தந்தீர்கள். இந்தியர்களை மீட்கும் நடவடிக்கைக்கு மத்திய அரசு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்தது. காவிரி தமிழ்நாட்டுக்குள் கால்வைப்பது எங்கள் பக்கம்தான் என்பதால் டீக்கடையில்கூட அந்தப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். போர்ட் சூடானிலிருந்து ஜெட்டாவுக்குக் கடற்படைக் கப்பல், அங்கிருந்து விமானம், விமான நிலையத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களின் பேட்டி என்று எல்லாவற்றையும் காட்டினீர்கள். கார்டூமுக்கு வடக்கே விளக்கு வசதி இல்லாத ஓடுதளத்தில் விமானப்படை விமானம் இரவில் இறங்கி 121 பேரை ஏற்றிவந்ததையும் சொன்னீர்கள். நம் பக்கத்து மாநிலத்து ஹக்கி பிக்கி மக்கள் மூலிகைப் பொருள் விற்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டதையும் சொன்னீர்கள். அவர்களில் சிலர் சிக்கியிருந்த ஊரின் பெயர் எல் ஃபாஷர். 3,862 பேர் மீட்கப்பட்டார்கள். மே 5 அன்று கடைசி விமானம் வந்து சேர்ந்தது. அதோடு சூடானும் உங்கள் திரையை விட்டுப் போய்விட்டது.

நம்மவர்கள் உயிரோடு திரும்பியது பெரிய ஆறுதல்தான். அந்த விமானங்களில் ஏற முடியாதவர்களுக்குப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. டார்ஃபூர் என்பது சூடானின் மேற்குப் பகுதி. அதில் மேற்கு டார்ஃபூர் மாநிலத்தின் எல் ஜெனீனா நகரில் மசாலித் இனத்தவரை ஆர்.எஸ்.எஃப் படையும் அதோடு சேர்ந்த ஆயுதக் குழுக்களும் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்த மாநில ஆளுநர் கமீஸ் அபக்கர் ஜூன் 14 அன்று ஒரு தொலைக்காட்சிக்குத் தொலைபேசியில் பேட்டி கொடுத்தார். நடப்பது இனப்படுகொலை, உலகம் வந்து எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கே அவரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். எல் ஜெனீனாவில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு பிறகு மதிப்பிட்டது. உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரிடம் நம்பிப் பேசியதற்காக ஒருவர் உயிர் போயிருக்கிறது. அந்த வாரத்தில் எங்கள் ஊருக்கு வரும் நாளிதழ்களிலோ நாங்கள் பார்க்கும் அலைவரிசைகளிலோ அவர் பெயரை நாங்கள் பார்க்கவில்லை.

எல் ஃபாஷருக்கு வருகிறேன். எங்களை மிகவும் உலுக்கியது இந்த ஊர்தான்.

வட டார்ஃபூரின் தலைநகரான அந்த ஊரை 2024 மே மாதத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப் முற்றுகையிட்டது. ஊரைச் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். உணவு வண்டிகள் உள்ளே போக முடியவில்லை. பக்கத்தில் இருந்த, வீடிழந்து ஓடிவந்தவர்கள் தங்கிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் வந்துவிட்டது என்று 2024 ஆகஸ்டில் சர்வதேச நிபுணர் குழு உறுதிசெய்தது. 2025 ஏப்ரலில் அந்த முகாமையும் தாக்கிப் பிடித்தார்கள். லட்சக்கணக்கானோர் கால்நடையாக ஓடினார்கள். ஊருக்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மிஞ்சினார்கள், அதில் பாதிப் பேர் குழந்தைகள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் தெரியுமா? கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கையை அங்கே 'அம்பாஸ்' என்பார்கள். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசி மாதங்களில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது.

இதை நூலகத்தில் வாசித்தபோது ஒருவரும் பேசவில்லை. எங்கள் வட்டத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் மாடு வைத்திருப்பவர்கள். புண்ணாக்கு மூட்டை என்ன விலை, எப்படி ஊறவைப்பது, பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குக்கூட வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். டார்ஃபூரிலும் நம்மைப் போலவே நிலக்கடலையும் கம்பும் சோளமும் விளைவிக்கிறவர்கள் வாழ்கிறார்கள். கம்பு மாவில் கெட்டியாகக் கிளறும் 'அசீதா'தான் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. பார்த்தால் எங்கள் வீட்டுக் களிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. 'ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர்' என்று ஒரு வரியில் ஓடவிட்டால் இது எதுவும் யாருக்கும் போய்ச் சேராது. புண்ணாக்கு என்று சொல்லியிருந்தால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். மக்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்க மறுப்பது இதனால்தான். நாங்கள் நேரில் பார்த்தது வேறு.

2025 அக்டோபர் 26 அன்று எல் ஃபாஷர் விழுந்தது. கொன்றவர்களே கைப்பேசியில் படம் எடுத்து வெளியிட்டார்கள். முற்றுகைக்குள்ளிருந்தே கடைசிவரை தகவல் அனுப்பிக்கொண்டிருந்த செய்தியாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் மிஞ்சியிருந்த மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த சிவப்புத் திட்டுகளையும், மனித உடல் அளவில் தரையில் கிடந்தவற்றையும் வைத்துக் கொலை நடந்த இடங்களைக் குறித்தார்கள். அந்த வாரம் நீங்களும் காட்டினீர்கள், அதற்கு நன்றி. ஒடிசாவைச் சேர்ந்த ஒருவர் கடத்தப்பட்ட செய்தி வந்தபோது இன்னும் இரண்டு நாள் பேசினீர்கள். பிறகு மறுபடியும் மௌனம். டிசம்பர் 4 அன்று தெற்கு கோர்டோஃபானின் கலோகி ஊரில் மழலையர் பள்ளி மீதும் மருத்துவமனை மீதும் ட்ரோன் தாக்குதல் நடந்தது. 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்பட 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது எங்கள் பக்கத்துத் திரைகளில் ஓரத்தில் ஓடும் எழுத்தாக வந்து போனது.

உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஒகேனக்கல்லுக்கு விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று ஆண்டு முழுவதும் சொல்கிறீர்கள். வெள்ளம் வரும் நாளிலும் சொல்கிறீர்கள், பாறை தெரிகிற நாளிலும் சொல்கிறீர்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது, அந்த அளவு உங்களுக்கு வருகிறது, நேற்றைக்கு இவ்வளவு இன்றைக்கு இவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள். அதனால்தான் எங்கள் ஊர்ப் பரிசல் ஓட்டியிலிருந்து தஞ்சாவூர் விவசாயிவரை எல்லோருக்கும் காவிரி நிலவரம் மனதில் நிற்கிறது. போர்ச் செய்தியில் மட்டும் ஏன் இந்த ஒழுங்கு இல்லை? யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், சென்ற வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியது என்று ஏன் சொல்வதில்லை?

சூடானில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் இருபதாயிரம் என்று வரும், இன்னோரிடத்தில் ஒன்றரை லட்சம் என்று வரும். பார்க்கிறவர் குழம்பிப்போய் இரண்டையும் நம்பாமல் விட்டுவிடுவார். 1,50,000 வரை இருக்கலாம் என்று 2024இல் சொன்னவர் அமெரிக்காவின் சிறப்புத் தூதராக இருந்த டாம் பெரியெல்லோ. லண்டனின் ஒரு பொதுச் சுகாதாரக் கல்வி நிலையம் கார்டூம் மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் 14 மாதங்களை ஆராய்ந்தது. எல்லாக் காரணங்களாலும் 61,000க்கு மேல் இறந்தார்கள், அதில் 26,000 பேர் வன்முறையால் இறந்தவர்கள், பெரும்பாலான சாவுகள் எங்கேயும் பதிவாகவில்லை என்று அது கண்டது. ஒன்று ஓர் அதிகாரியின் மதிப்பீடு. மற்றது ஒரு மாநிலத்துக்கு மட்டுமான ஆய்வு. எண்ணைச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொன்னால் அரை நிமிடம் கூடுதலாகும். அந்த அரை நிமிடம்தான் நம்பிக்கை தருகிறது.

வீட்டை விட்டு ஓடியவர்கள் கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1.2 கோடிக்கும் மேற்பட்டோர். சூடானின் மக்கள்தொகையே ஏறத்தாழ 5 கோடி என்றால், நாலு பேரில் ஒருவருக்கு வீடு போயிற்று. உலகத்திலேயே மிகப் பெரிய இடப்பெயர்வு நெருக்கடி என்று ஐ.நா. சொல்வது இதைத்தான். உலகத்திலேயே மிகப் பெரியது எதுவாக இருந்தாலும் தமிழ்ச் செய்தியில் அதற்கு ஓர் இடம் இருக்கும். இதற்கு மட்டும் இல்லை.

படம் இல்லை, அதனால் செய்தி இல்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். படம் இல்லாமல் போனதே ஒரு செய்திதானே? இணையத்தைத் துண்டித்தார்கள், செய்தியாளர்களைக் கொன்றார்கள், சிறைபிடித்தார்கள். வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடவில்லை. படம் கிடைக்கிற போரை மட்டும் காட்டுவது என்றால், கேமராவை அடித்து உடைக்கிறவன் விருப்பப்படி நாம் நடக்கிறோம் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில் 2009ஐச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் வெளிநாட்டுப் பணியாளர்களை வன்னியிலிருந்து வெளியேற்றிக்கொண்டது. சுதந்திரமான செய்தியாளர்கள் யாரையும் போர்ப் பகுதிக்குள் விடவில்லை. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டு விழுந்தபோது, செயற்கைக்கோள் படமும் உள்ளேயிருந்த மருத்துவர்களின் குரலும்தான் சாட்சியாக இருந்தன. மே 16 அன்று இங்கே நாடாளுமன்றத் தேர்தல் முடிவு எண்ணிக்கொண்டிருந்தார்கள், எல்லாத் திரையிலும் அதுதான். மே 27 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றம் இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் தீர்மானம் போட்டது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னபோது 2011 ஆகிவிட்டது. தங்கள் அமைப்பு அங்கே தோற்றுப்போனது என்று ஐ.நா.வின் உள் ஆய்வே ஒப்புக்கொண்டது 2012 நவம்பரில். உலகம் எங்களைப் பார்க்கவில்லையே என்று நாம் எத்தனை மேடையில் கேட்டிருப்போம்? தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். சூடானைப் பற்றி நாங்கள் பேசிய ஒரு மாலையில் முகாமைச் சேர்ந்த அம்மா ஒருவர் வந்திருந்தார். மண்கரை எழுப்பினார்கள் என்று வாசித்ததும், "எங்களுக்கும் இப்பிடித்தான் சார், சுத்திவர வழியில்லாமப் போச்சு" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உலகம் எங்களைப் பார்க்கவில்லையே என்று கேட்ட மொழியில் சூடானுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது எனக்கு வலிக்கிறது. உங்களுக்கும் வலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உலக நாடுகள் என்ன செய்தன என்பதையும் தமிழில் யாரும் கோத்துச் சொல்லவில்லை. 2024 ஜூனில் எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்து என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. முற்றுகை நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 14 நாடுகள் ஆதரவு தர, ரஷ்யா மட்டும் வீட்டோ போட்டுத் தடுத்தது. 2025 ஏப்ரல் 15 அன்று, போரின் இரண்டாம் ஆண்டு நிறைவில், லண்டனில் மாநாடு கூடியது. எகிப்து, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் ஒத்துப்போகாததால் கூட்டறிக்கைகூட இல்லாமல் கலைந்தது. ஐ.நா. கேட்ட நிவாரண நிதியில் அந்த ஆண்டு பாதிகூட வரவில்லை. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் நூற்றுக்கணக்கான சமூகச் சமையற்கூடங்கள் அடுப்பு மூட்ட முடியாமல் மூடப்பட்டன. நவம்பரில் சவுதி இளவரசர் கேட்டுக்கொண்டபிறகுதான் அமெரிக்க அதிபர் இதில் கவனம் செலுத்தப்போவதாகச் சொன்னார். அதுவரை இது தன் திட்டத்திலேயே இல்லை என்றும் அவரே சொன்னார்.

இதில் எனக்கு ஆறாமல் இருப்பது இரண்டு தேதிகள். 2025 அக்டோபர் 6 அன்று திஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஜன்ஜவீத் என்ற ஆயுதக் கூட்டத்தின் தலைவர் அலி குஷாயிப்பைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2003, 2004 ஆண்டுகளில் டார்ஃபூரில் செய்த கொலைக்கும் சித்திரவதைக்கும் வன்புணர்வுக்குமாக 27 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. டார்ஃபூர் வழக்கு ஒன்றில் அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தண்டனைத் தீர்ப்பு. இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் அழுதார்கள். ஆர்.எஸ்.எஃப் என்பது அந்த ஜன்ஜவீத் கூட்டத்திலிருந்து வளர்ந்த படைதான். தீர்ப்பு வந்த இருபதாம் நாள் அந்தப் படை எல் ஃபாஷருக்குள் நுழைந்தது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே செய்தியாக யாராவது தமிழில் சொல்லியிருந்தால், இது ஏதோ திடீர்க் கலவரம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அமீரகத்தைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அங்கே வேலை பார்க்கிறார்கள், அங்கிருந்து விளம்பரம் வருகிறது, புரிகிறது. ஆனாலும் தகவல் தகவல்தான். ஆர்.எஸ்.எஃப் படைக்குச் சாட் நாட்டு வழியாக அமீரகம் ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் சொன்னது. அமீரகம் மறுக்கிறது. அமீரகத்தின் மேல் வழக்குப் போட்டு சூடான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று 2025 மே 5 அன்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. குற்றம் நடந்ததா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் சூடான் ராணுவத்துக்கு எகிப்தும் ஈரானும் துருக்கியும் உதவியதாகச் செய்திகள் வந்தன. அந்த ராணுவமும் சந்தை மீதும் குடியிருப்பு மீதும் குண்டு போட்டிருக்கிறது. சூடானின் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச்சேருவது துபாய்ச் சந்தைக்கு. சுரங்கங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் கையில் போருக்கான பணம் இருக்கிறது. தங்கம் சவரன் என்ன விலை என்று தினமும் காலையில் சொல்கிறீர்கள். அந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் சொல்லலாம் அல்லவா? எங்கள் பக்கம் நிலத்தை அடகு வைத்துப் பெண்ணுக்கு நகை போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

போரைக் காட்டும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டில் எடுத்த காட்சியை உண்மைப் போர் என்று பல நாட்டு ஊடகங்கள் ஓட்டியதால், அந்த விளையாட்டைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில் விளக்கம் தர நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், உக்ரைன் போரைப் பற்றி மிகைப்படுத்திச் செய்தி போடாதீர்கள் என்று நம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் நடந்தபோது, வான்தாக்குதல் எச்சரிக்கைச் சைரன் ஒலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர்கள் என்று குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் கேட்டுக்கொண்டது. ஒலிக்குப் பழகிவிட்டால் நிஜமாக ஊதும்போது மக்கள் ஓடமாட்டார்கள் என்ற கவலை அவர்களுக்கு. அந்த இரவில் வடக்கே சில பெரிய சேனல்கள் விழாத துறைமுகத்தை விழுந்ததாகச் சொன்னதையும் நாம் பார்த்தோம். எல்லையில் மகனை வைத்திருக்கும் பெற்றோர் எங்கள் மாவட்டங்களில் ஏராளம். அவர்கள் தூங்கவே இல்லை. சூடானைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சைரனும் வேண்டாம், அலறும் பின்னணி இசையும் வேண்டாம். கொலைகாரர்கள் தாங்களே எடுத்த காணொளியை மங்கலாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டவும் வேண்டாம். பயம் பரவட்டும் என்றுதான் அவர்கள் அதை வெளியிட்டார்கள். இப்படியொரு காணொளி இருக்கிறது, அதில் இருப்பது இந்த இடம் என்று இன்னார் சரிபார்த்தார்கள் என்று சொன்னால் போதும்.

சாவைத் தவிரவும் அங்கே செய்தி இருக்கிறது. அரசாங்கம் என்று ஒன்று இல்லாமல் போன ஊர்களில் இளைஞர்கள் 'அவசரகால உதவி அறைகள்' என்ற பெயரில் தெருத் தெருவாகக் கூடினார்கள். பொதுச் சமையல் செய்கிறார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தண்ணீர் மோட்டாருக்கு டீசல் தேடுகிறார்கள். இரண்டு தரப்பும் அவர்களைச் சந்தேகப்பட்டுப் பிடித்திருக்கிறது, கொன்றும் இருக்கிறது. 2025இல் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களுக்குக் கிடைத்தது. சென்னையில் வெள்ளம் வந்தபோது சோறு பொங்கிப் படகில் கொண்டுபோன பிள்ளைகளை நீங்கள் எவ்வளவு பெருமையாகக் காட்டினீர்கள்! இவர்களையும் அப்படிக் காட்டுங்கள்.

கார்டூமில் நிருபர் வைக்க உங்களால் முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், பத்து நிமிடம் போதும். நாளிதழ் என்றால் கால் பக்கம். ஒரே வரைபடத்தை ஒவ்வொரு வாரமும் காட்டி, யார் கையில் எந்த ஊர் இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எத்தனை லாரி உணவு உள்ளே போனது என்று சொல்லுங்கள். டபாங்கா வானொலி போன்ற சூடானியர்களின் சொந்த ஊடகங்கள் நெதர்லாந்திலிருந்து இயங்குகின்றன. அவர்கள் தகவலை அனுமதி வாங்கித் தமிழில் கொடுக்கலாம். 2023இல் திரும்பி வந்த தமிழர்கள் நம் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். அங்கே விட்டுவந்த முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர் என்ன ஆனார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், வெளியுறவு அமைச்சகத்திடம் சூடானைப் பற்றி இந்தியாவின் நிலை என்ன, என்ன உதவி போயிற்று என்று கேளுங்கள். பேட்டி எடுக்கும்போது ஒரு கேள்வி இதற்காக ஒதுக்கினால் பதில் தயாரித்துக்கொண்டு வருவார்கள்.

எங்களால் ஆனதையும் செய்கிறோம். சூடானின் ஊர்ப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அரபி தெரிந்த ஒரு நண்பர் உதவியோடு பட்டியல் தயாரித்திருக்கிறோம். ஒரே ஊரை நாலு விதமாக எழுதினால் வாசகர் அதை நாலு ஊர் என்று நினைக்கிறார். கேட்டால் அந்தப் பட்டியலை அனுப்புகிறோம். பிளஸ் டூ பிள்ளைகள் நூலகச் சுவரில் வரைபடம் ஒட்டி வாராவாரம் குறித்து வருகிறார்கள். உங்கள் நிகழ்ச்சி வந்தால் அதைப் பார்த்துக் குறிப்பார்கள். தவறு இருந்தால் உங்களுக்கு எழுதுவார்கள், அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எல் ஃபாஷருக்குப் பிறகு சண்டை கிழக்கே கோர்டோஃபான் பக்கம் நகர்ந்தது. எல் ஒபெய்த் என்று ஒரு பெரிய ஊர், டார்ஃபூருக்கும் கார்டூமுக்கும் இடையில் இருக்கிறது. பல இடங்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அங்கே ஒண்டியிருக்கிறார்கள். எல் ஃபாஷர் விழுவதற்கு முன்னால் பதினேழு மாதம் அவகாசம் இருந்தது, நாம் சொல்லவில்லை. முதல் நிகழ்ச்சியை எல் ஒபெய்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.